லிண்டா லிண்டாஸ் எழுச்சி: ஒரு காணொளியின் விளைவா, பல மேடைகளின் விளைவா?

வேளிமலை (இழையைத் தொடங்கியவர்)

2021 மே மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தின் சைப்ரஸ் பார்க் கிளையில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு லிண்டா லிண்டாஸ் என்ற பங்க் (வேகமும் ஆவேசமும் மிகுந்த ராக் இசை) குழுவின் நான்கு சிறுமிகள் பாடிய பாடல் ஒன்று உலகம் முழுவதும் பரவியது. டிரம்ஸ் வாசித்த மீலாவுக்கு அப்போது 10 வயது. பேஸ் கிட்டார் வாசித்த எலோயீசுக்கு 13, கிட்டார் வாசித்த லூசியாவுக்கு 14, இன்னொரு கிட்டார் வாசித்த பேலாவுக்கு 16. கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு, சீனர்களிடமிருந்து விலகி இருக்கும்படி தன் தந்தை சொல்லியிருப்பதாக வகுப்புத் தோழன் ஒருவன் மீலாவிடம் கூறினான். தானும் சீன வம்சாவளியைச் சேர்ந்தவள்தான் என்று அவள் சொன்னவுடன் அவன் பின்வாங்கினான். அந்த நிகழ்விலிருந்து மீலாவும் எலோயீசும் எழுதிய பாடல்தான் அது. காணொளி பரவிய சூட்டிலேயே எபிடாஃப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 2024இல் இரண்டாவது தொகுப்பு வந்தது. அதே ஆண்டு புகழ்பெற்ற பங்க் குழுவான கிரீன் டே அமெரிக்க விளையாட்டரங்குகளில் நடத்திய சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாகவும் வாசித்தார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இசை பழகும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், ஒரு வீடியோ வைரலானால் போதும் என்ற முடிவுக்கே பெரும்பாலோர் வருகிறார்கள். காலவரிசையைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. 2018 தொடக்கத்தில் கேர்ள்ஸ்கூல் என்ற இசை விழாவில் பிறருடைய பாடல்களை வாசிக்கும் சிறுவர் குழுவாகத்தான் அவர்கள் முதலில் மேடை ஏறினார்கள். 2019இல் பிகினி கில் என்ற பெண்ணியப் பங்க் குழுவின் கச்சேரிக்கு முன்பாக ஹாலிவுட் பலேடியத்தில் வாசித்தார்கள். அங்கே அவர்களைப் பார்த்த நடிகை ஏமி போலர், தாம் இயக்கிய திரைப்படத்தில் அவர்களை மேடைக் குழுவாகவே தோன்ற வைத்தார். 2020இல் எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் ஒரு சிறு தொகுப்பைத் தாங்களே வெளியிட்டார்கள். ஆகவே நூலகத்துக்கு வந்தபோது அது மூன்றாண்டு பழகிய குழு. காணொளி அவர்களை உலகுக்குக் காட்டியது, அவ்வளவுதான். அவர்களை ஆளாக்கியவை வயது பாராமல் உள்ளே விட்ட மேடைகள் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதுங்கள்.


குளச்சல் அலை

வேளிமலை அண்ணன் காலவரிசையைச் சரியாகவே தந்திருக்கிறார். ஆனால் அந்தக் காலவரிசைக்குப் பின்னால் இருக்கும் குடும்பங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டார். லூசியாவும் மீலாவும் சகோதரிகள். அவர்களின் தந்தை கார்லோஸ் டி லா கார்சா கிராமி விருது பெற்ற ஒலிப்பதிவாளர், பாரமோர் என்ற ராக் குழுவுடன் பணியாற்றியவர், இவர்களுடைய முதல் தொகுப்பையும் அவரே தயாரித்தார். எலோயீஸ் அவர்களுக்கு உறவினர்; அவருடைய தந்தை மார்ட்டின் வாங், ஆசிய-அமெரிக்கப் பண்பாட்டை எழுதிய ஜயன்ட் ரோபாட் இதழை நிறுவிய இருவரில் ஒருவர். வீட்டிலேயே ஒலிப்பதிவு அறிந்தவர் இருக்கிறார், சொந்த நகரமே உலகத் திரைத்தொழிலின் தலைநகரமாக இருக்கிறது, குடும்ப நண்பர்கள் எல்லோரும் இசைத்துறையில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் மேலே வந்ததை மேடையின் வெற்றி என்று சொல்வது, குளச்சலில் மீன்பிடிப் படகுக்காரர் ஒருவரின் மகளுக்கு எந்த வகையிலும் உதவாத விளக்கம். மேடை கிடைத்தது வாய்ப்பு இருந்தவர்களுக்குத்தான்.


தோவாளை

நான் இந்த வகை இசையைப் பள்ளி நாட்களிலிருந்தே கேட்டு வருகிறேன். அலை அண்ணன் சொல்லும் குடும்ப வசதி உண்மைதான். ஆனாலும் பாப்-பங்க் (பாடிப் பழக எளிய மெட்டுகள் கொண்ட பங்க்), வசதியில்லாதவர்களையும் விரைவாக மேடைக்குக் கொண்டுவரும் அமைப்பு உடையது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதன் அடிப்படை பவர் கார்டு. கிட்டாரில் ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து, தேவையானால் மேல் ஸ்தாயி சுரத்தையும் கூட்டி வாசிப்பார்கள். விரல்களின் அமைப்பு ஒன்றே. அதைக் கழுத்தின் மீது மேலும் கீழும் நகர்த்தினால் எல்லா கார்டுகளும் கிடைத்துவிடும். காந்தாரத்தை விட்டுவிடுவதற்கு இசைக் காரணமும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது) போட்டால் இரு சுரங்களின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் ஒலிக்கத் தொடங்கும். ஆதார சுரமும் பஞ்சமமும் 2:3 விகிதத்தில் இருப்பதால், அவற்றின் கழித்தல் அதிர்வெண் ஆதாரத்தின் கீழ் ஸ்தாயியிலேயே வந்து விழுகிறது; ஒலி கனமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. கிட்டாரின் சமச் சுருதி அமைப்பில் காந்தாரமோ இயல்பான இடத்திலிருந்து ஏறத்தாழ 14 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் 14 பங்கு) உயர்ந்து நிற்கிறது. டிஸ்டார்ஷனில் அதைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். தொடங்கும் பிள்ளைக்கு எது எளிதோ அதுவே இந்த இசைக்குப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

இத்துடன் நிமிடத்துக்கு 160 முதல் 200 அடி வரையிலான வேகம், மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாடல், எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடும் பல்லவி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1976இல் வந்த, பங்க் முன்னோடியான ரமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பில் 14 பாடல்களும் சேர்ந்து ஏறத்தாழ 29 நிமிடம்தான்; அதைப் பதிவு செய்ய ஆன செலவு 6,400 டாலர் என்று சொல்வார்கள். பெரிய ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமலேயே பிறந்த இசை இது.

ஒரு திருத்தம் மட்டும்: லிண்டா லிண்டாஸ் முழுவதும் பாப்-பங்க் அல்ல. நூலகத்தில் பாடியது பழைய ஹார்ட்கோர் பங்க் (இன்னும் வேகமான, கத்திப் பாடும் பங்க்) போன்ற கரடுமுரடான பாடல். முதல் தொகுப்பில் பல பாடல்கள் 80களின் நியூ வேவ் (பங்க்குக்குப் பின் வந்த மென்மையான பாப் வகை) மெட்டுகளுக்கு நெருக்கமானவை. எனக்கு அந்த மென்மையான பாடல்கள்தான் அதிகம் பிடிக்கும். பங்க் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.


விளவங்கோடு வாசகி

அலையின் வாதத்தில் ஒரு பகுதி விடுபட்டுள்ளது. எலோயீஸின் பெற்றோர் தம் மகளுக்காக மேடை தேடியவர்கள் அல்லர். லாஸ் ஏஞ்சலிஸ் சைனாடவுனில் காஸ்டலார் தொடக்கப்பள்ளி என்று ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே இசை வகுப்பு நடப்பதற்குப் பணம் திரட்ட, சேவ் மியூசிக் இன் சைனாடவுன் என்ற பெயரில் பகல்நேர பங்க் கச்சேரிகளை அவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். மாலையில் மதுக்கூடங்களில் நடக்கும் கச்சேரிக்குக் குழந்தைகள் போக முடியாது. பிற்பகலில் நடக்கும் கச்சேரிக்குத் தாத்தா பாட்டியோடும் போகலாம். இந்தப் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே அந்தக் கச்சேரிகளின் முன்வரிசையில் வளர்ந்தவர்கள். பின்னர் அங்கேயே வாசித்தும் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் குடும்பத்தின் வசதியைவிட, அது உருவாக்கிய பொது இடமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் இல்லாத பெற்றோரும் அந்த வேலையைச் செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பேச்சு முழுவதிலும் "பிள்ளைகள்" என்றே எழுதுகிறோம். அவர்கள் பெண் பிள்ளைகள். பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா 90களின் தொடக்கத்திலேயே, தம் கச்சேரிகளில் ஆண்கள் முட்டி மோதும் முன்வரிசையை விட்டுப் பின்னால் போகும்படியும், பெண்கள் முன்னால் வரும்படியும் மேடையிலிருந்தே கேட்டுக்கொண்டவர். தம் கச்சேரியில் வாசிக்க லிண்டா லிண்டாசைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. நம் ஊரில் பாடகர் குழுவில் பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் கீபோர்டு, லீடு கிட்டார், பேஸ், ரிதம் பேடு என்று கருவி எதுவாக இருந்தாலும் அதன் பின்னால் நிற்பவர் ஏறக்குறைய எப்போதும் ஓர் ஆண். கிட்டார் வகுப்பில் சேர்ந்த பெண்ணும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆண்டில் நிறுத்தப்படுகிறாள். அவள் தம்பி நிறுத்தப்படுவதில்லை.


பழையாறு

நான் அறுபதைக் கடந்தவன். லிண்டா லிண்டாஸின் பாட்டை என் பேரன் போட்டுக் காட்டித்தான் கேட்டேன். முதல் முறை காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. இரண்டாம் முறை கேட்டபோது எனக்குப் பழக்கமான ஒன்று அதில் தெரிந்தது.

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அண்ணாவி (தலைமைப் பாடகர்) வில்லை வீசுகோலால் அடித்து ஓர் அடியைப் பாடி முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உச்சக் குரலில் திரும்பப் பாடுவார்கள். குடமும் உடுக்கையும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். கேட்பவர் எழுந்து ஆடும் நிலை வரும். குரல் இனிமையைவிட, கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற வேகம்தான் அங்கே முதன்மை. அந்தச் சிறுமிகளின் பாட்டிலும் அந்த வேகம் இருக்கிறது. மீலா தனக்கு நேர்ந்த அவமானத்தை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று வந்து நிற்கிறாள்.

ஆனால் நம் பிள்ளைகளிடம் குறை எங்கே என்று கேட்டால் திறமையில் இல்லை என்பேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களில் நான்கு குரலில் பாடப் பழகிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் காலம் வந்தால் டிசம்பர் முழுவதும் கேரல் பாட்டுக்காக வீடு வீடாகப் போகிறார்கள்; மேடைக் கூச்சம் என்பதே இல்லை. இத்தனையும் இருந்தும் அவர்கள் பாடுவது எல்லாம் மற்றவர் எழுதிய பாட்டு. வேளிமலை எழுதிய காலவரிசையில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோன இடம் எனக்கு அதுதான்: 2018இல் பிறர் பாடல்களை வாசித்தவர்கள், 2020இல் தாங்கள் எழுதிய பாடல்களை வெளியிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததுதான் உண்மையான எழுச்சி. மற்றது விளம்பரம்.


மட்டுறுத்துநர்

திரைப்பட இசையமைப்பாளர்களை இதனுடன் ஒப்பிட்டு எழுதப்பட்ட பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். இங்கே பேசுபொருளை விட்டு விலகாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


வேளிமலை

பழையாறு அண்ணாச்சி சொன்ன "சொந்தப் பாட்டு" என்பதை என் வாதத்துடன் இணைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் சொந்தமாக எழுதத் தொடங்குவதற்கு, அரைகுறையாக எழுதிய பாட்டையும் வாசித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது கிரீன் டே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 924 கில்மன் தெரு என்ற முகவரியையே பெயராகக் கொண்ட இசைக்கூடம், 1986ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் நடத்தும் இடம், எந்த வயதினரும் வரலாம், மது கிடையாது, இனவெறி, பெண்வெறுப்பு, வன்முறை ஆகியவற்றுக்கு இடமில்லை என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1972இல் பிறந்த பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் மைக் டர்ன்ட்டும் வேறொரு பெயரில் குழு தொடங்கி, பள்ளி வயதிலேயே அங்கே வாசித்துப் பழகினார்கள். லுக்கவுட் என்ற சிறு நிறுவனம் அவர்களின் முதல் இரு தொகுப்புகளை வெளியிட்டது. 1994 பிப்ரவரியில் பெருநிறுவனம் ஒன்றின் மூலம் வந்த மூன்றாவது தொகுப்பு, 1999க்குள் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றைப் பெற்றது. பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு இடமில்லை என்பது கில்மனின் விதி. ஆகவே அவர்களை வளர்த்த மேடையே அவர்களுக்குக் கதவை மூடியது. 2015இல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காகத்தான் மீண்டும் அங்கே வாசித்தார்கள். அந்த விதி நியாயமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கு அது கண்டிப்பு மிகுந்த விதியாகவே படுகிறது. ஆனாலும் அந்தக் கண்டிப்பால்தான் பெரியவர்கள் விலகி, அடுத்துவரும் பதினைந்து வயதுக்காரருக்கு மேடை காலியாக இருந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சேர்ந்த அண்டர்டோன்ஸ். லண்டனிலிருந்து வெகு தொலைவு. ஊரில் தெருச் சண்டையும் ராணுவக் காவலும் நிறைந்த காலம். வாசிக்க இடமே இல்லை. காஸ்பா என்ற ஒரே மதுக்கூடத்தில் அவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். வந்த கூட்டமே மீண்டும் வந்ததால் புதுப் பாட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 1978இல் பெல்ஃபாஸ்ட்டின் குட் வைப்ரேஷன்ஸ் என்ற சிறு நிறுவனம் அவர்களின் நான்கு பாடல்களை வெளியிட்டது. பிபிசி வானொலியின் இசை அறிவிப்பாளர் ஜான் பீல் அதில் ஒரு பாடலை ஒலிபரப்பி, அது முடிந்தவுடன் அதையே இரண்டாம் முறையும் ஒலிபரப்பினார். சில வாரங்களில் சைர் என்ற பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தக் குழுவில் எவருடைய தந்தையும் ஒலிப்பதிவாளர் அல்லர்.


குளச்சல் அலை

அண்ணன் சொன்ன எடுத்துக்காட்டே என் பக்கம்தான் பேசுகிறது. அன்றைய ஜான் பீல்தான் இன்றைய வைரல் காணொளி. அந்த மனிதர் அந்த இசைத்தட்டைக் கேட்காமல் போயிருந்தால், டெர்ரியின் ஒரு மதுக்கூடத்தோடு அந்தக் குழு முடிந்திருக்கும். அப்படி முடிந்துபோன குழுக்கள் எத்தனை என்று நமக்குத் தெரியாது. தெரிந்தவற்றை மட்டும் வைத்து மேடைதான் காரணம் என்று சொல்வது, கரை சேர்ந்த படகை மட்டும் பார்த்துக் கடல் அமைதியானது என்று சொல்வதாகும்.

பாரமோரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாடகி ஹேலி வில்லியம்ஸை அட்லாண்டிக் இசை நிறுவனம் 2003இல், அவருக்கு 14 வயதாக இருந்தபோது, தனிப்பாடகியாகத்தான் ஒப்பந்தம் செய்தது. குழுவாகவே வாசிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் பாரமோர் உருவாயிற்று. அங்கே நிறுவனம் முதலில் வந்தது, மேடை பின்னால் வந்தது.


விளவங்கோடு வாசகி

கேட்கப்படாமல் போன குழுக்களைப் பற்றி அலை எழுப்பிய கேள்வி சரியானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாரமோர் கதையின் அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கையில் இருந்தும், 2005ஆம் ஆண்டு வார்ப்டு டூர் என்ற, ஊர் ஊராகச் செல்லும் இசை விழாவில் அவர்களுக்குக் கிடைத்தது ஷிராகேர்ள் என்ற, பெண் இசைக்கலைஞர்களுக்காக அமைக்கப்பட்ட சிறு மேடைதான். வெயிலில், சிறு கூட்டத்தின் முன்னால் நின்று வாசித்துத்தான் ரசிகர்களைச் சேர்த்தார்கள். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புதான் அவர்களைப் பெரிய குழுவாக்கியது. நிறுவனத்தின் பணம் அந்த இரண்டு ஆண்டு உழைப்பைக் குறைக்கவில்லை.

நாம் பேசிக்கொண்டிருப்பது இரண்டு வேறு கேள்விகள் என்று தோன்றுகிறது. ஒரு குழு புகழ் பெறுவது எப்படி என்பது ஒன்று. ஒரு குழு நல்ல குழுவாவது எப்படி என்பது மற்றொன்று. முதலாவதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அதை நாம் ஏற்பாடு செய்ய முடியாது. இரண்டாவதை ஏற்பாடு செய்யலாம்.


கருங்கல் ஒலிபெருக்கி

தொழில்முறையில் மைக் செட் வைத்திருப்பவன். இசை வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இசையை நம் ஊர் மேடையில் வாசித்தால் ஏன் கேட்க முடியாமல் போகிறது என்பது தெரியும், ஆகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் டிஸ்டார்ஷன் பெடலை வாங்கி வந்து, அதிலிருந்து நேராக மிக்சரில் சொருகச் சொல்கிறார்கள். தேனீக் கூட்டம் போல ஒரு சத்தம் வரும். கூட்டம் எழுந்து போகும். பழி மைக் செட்டுக்காரன் மேல் விழும். காரணம் எளிது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைப் பெருமளவு வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கீச்சு ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. மேடை ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) இருப்பதால் அந்தக் கீச்சு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மேடையில் வைத்து, அதன் ஸ்பீக்கர் முன்னால் ஷூர் எஸ்எம்57 போன்ற மைக்கை நிறுத்தினால் போதும். அதுவும் இல்லையென்றால், கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியைப் போலச் செய்யும் மின்கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அதை பெடலுக்குப் பின்னால் இணைத்து மிக்சருக்குக் கொடுங்கள். ஒன்றும் இல்லாத நிலையில், மிக்சரிலேயே அந்தச் சேனலின் மேல் அதிர்வெண்களை வெட்டச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டால் செய்வோம்.

நூலகக் காணொளியைப் பார்த்தேன். ஆளுக்கொரு சிறிய ஆம்ப்ளிஃபயர், நடுவில் ஒரு டிரம் செட், குரலுக்கு மைக். சத்தம் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது.


தோவாளை

ஒலிபெருக்கி அண்ணனுக்கு நன்றி. ஒரு கேள்வி: எங்கள் பக்கத்தில் எந்த ஆலயத்திலும் டிரம் செட் கிடையாது, எல்லா இடத்திலும் ஆக்டோபேடுதான் (எட்டுத் தட்டுகள் கொண்ட மின் டிரம்). பாப்-பங்க் வேகத்துக்கு அது தாங்குமா? நிமிடத்துக்கு 180 அடி என்றால், ஹை-ஹாட்டில் (இரட்டைத் தாளத் தட்டு) மட்டும் அடிக்கு இரண்டு வீதம் நொடிக்கு 6 தட்டு விழ வேண்டும்.


கருங்கல் ஒலிபெருக்கி

கருவி தாங்கும் தம்பி. வாசிப்பவர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. எட்டு பேடையும் இரு கைகளால் மட்டும் வாசிப்பவர், கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கையாலேயே அடிக்க வேண்டியிருப்பதால் அந்த வேகத்தில் தடுமாறுவார். ஆக்டோபேடின் பின்புறம் கால் பெடலுக்கான இணைப்பு இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. கிக் டிரிக்கர் பெடல் ஒன்றை வாங்கி இணைத்து, காலுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் கைகள் இரண்டும் ஹை-ஹாட்டுக்கும் ஸ்னேருக்கும் மீதமாகும். டிரம் செட்டின் அதிர்வு வராது. பழகுவதற்குப் போதும்.


பழையாறு

மொழியைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். இந்த வகைப் பாட்டை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா?


தோவாளை

வேண்டியதில்லை அண்ணாச்சி. லிண்டா லிண்டாஸின் முதல் தொகுப்பிலேயே பேலா ஸ்பானிய மொழியில் பாடிய பாடல் உண்டு; இரண்டாவது தொகுப்பிலும் ஸ்பானியப் பாடல் இருக்கிறது, அதில் நகைச்சுவைப் பாடகர் வியர்டு ஆல் யான்கோவிக் அக்கார்டியன் வாசித்திருக்கிறார். ஜப்பானில் 1985இல் தொடங்கிய புளூ ஹார்ட்ஸ் முழுக்க ஜப்பானிய மொழியில் பாடிய பங்க் குழு. லிண்டா லிண்டாஸின் பெயரே அந்தக் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து, ஒரு ஜப்பானியத் திரைப்படம் வழியாக வந்ததுதான். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தின் அவியல் குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பு முழுவதும் மலையாளத்தில் அமைந்த ராக். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் கச்சேரியை நடத்திய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துத் தமிழில் சாதியை எதிர்த்துப் பாடியது. மார்த்தாண்டத்துப் பேச்சில் ஒரு வேகமான பாட்டை யாராவது எழுதினால் அதைக் கேட்க முதல் ஆளாக நான் நிற்பேன்.


குளச்சல் அலை

எல்லாம் சரி; வாசகி அக்கா ஏற்பாடு செய்யலாம் என்று எழுதினார்களே, எங்கே, யார் ஏற்பாடு செய்வது? தேவாலயப் பங்குத் திருவிழாவின் பத்து நாட்களிலும் மேடை இருக்கிறது. ஆனால் கடைசி நாட்களின் இரவு முழுவதும் வெளியூர்க் கானமேளாவுக்குப் (மெல்லிசைக் கச்சேரி) போய்விடுகிறது. அதற்குத்தான் பங்கு மக்களிடம் திரட்டும் வரிப்பணத்தில் பெரும்பகுதியும் செலவாகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், இருக்கிற நேரத்தையும் நெருக்கிப் பிடித்துத்தான் நிகழ்ச்சிகளை வைக்கிறார்கள். அதில் பயிற்சி நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பங்குப் பேரவையும் இடம் கொடுக்காது.


விளவங்கோடு வாசகி

இரவு வேண்டாம். கானமேளா நடக்கும் நாளில் மேடையும் ஸ்பீக்கரும் எப்போது தயாராகும் என்று பாருங்கள். காலையிலேயே கட்டி முடித்துவிடுகிறார்கள். மாலைத் திருப்பலி வரை அங்கே பக்திப் பாடல் பதிவுகள்தான் ஒலித்துக்கொண்டிருக்கும். வாடகை ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று, ஜெனரேட்டரும் நிற்கிறது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை அந்த மேடை யாருக்கும் தேவைப்படாத மேடை. சைனாடவுனில் செய்ததும் இதுதான்: பெரியவர்களுக்கு வேண்டாத நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அன்பியங்களின் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்) கலைநிகழ்ச்சிக்குப் பெயர் கொடுப்பதுபோலவே இதற்கும் பெயர் கொடுக்கலாம். சிஎஸ்ஐ சபைகளில் வாலிபர் சங்கம் கேட்கலாம். ஓணத்தையொட்டிப் போட்டிகள் நடத்தும் எங்கள் பக்கத்துக் கிளப்புகளிலும் இதே நேரம் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று பாட்டு, அதில் ஒன்றாவது சொந்தப் பாட்டு என்று நிபந்தனை வைத்தால் பழையாறு அண்ணாச்சியின் குறையும் தீரும். கருவி வாசிப்பவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.


பழையாறு

பேரவையில் சிலர், சத்தம் அதிகம் என்றும் இது நம் பண்பாடா என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். இரவு 9 மணிக்குக் கானமேளாவில் ஒலிக்கும் குத்துப்பாட்டைவிட இது எந்த வகையில் அதிகச் சத்தம் என்று திருப்பிக் கேட்க ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாட்டின் வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.


குளச்சல் அலை

பிற்பகல் வெயிலில் கேட்பதற்கு யார் வருவார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் இதற்குச் செலவு இல்லை என்பதால் எங்கள் பங்கில் கேட்டுப் பார்க்கிறேன். என் தங்கை பேஸ் பழகுகிறாள். டிரம்சுக்கு ஆள் இல்லை.


கருங்கல் ஒலிபெருக்கி

என் மைக் செட் போகும் இடங்களில் கூடுதல் வாடகை கேட்க மாட்டேன். ஆனால் மூன்று காரியம் சரியாக இருக்க வேண்டும். கிட்டாருக்கு நான் முன்னால் சொன்ன ஏற்பாடு ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள். கேபிள்களை நீங்களே கொண்டு வாருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் என்னுடையவை இரண்டு காணாமல் போகின்றன. கானமேளாக் குழுவினர் ஐந்து மணிக்கு ஒலி சரிபார்க்க வருவார்கள். அவர்களுடைய டிரம் செட்டையோ, நான் அவர்களுக்காக அமைத்து வைத்த மிக்சர் சேனல்களையோ தொடக் கூடாது. உங்களுக்கு 17ஆம் சேனலிலிருந்து தருகிறேன்.